பிளந்த நகமும் பதினைந்து பவுனும்

மணமகள் அறையில் ஏசி குளிர்ந்தது. பவுடர் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என் தம்பி குமாரின் மகள் மல்லிகா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் ரவிக்கையில் ஒட்டியிருந்த கல் அக்குளில் குத்தும். தாயில்லாத பெண். அதனால் நகை போட்டுவிடும் வேலை அத்தையான எனக்கு வந்தது.

பெட்டியைத் திறந்தேன். நெக்லஸ், ஒட்டியாணம், வங்கி, ஜிமிக்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் இடுப்புவரை தொங்கும் ஆரம். மொத்தம் பதினைந்து பவுன் என்று குமார் இரண்டு ஊருக்குக் கேட்கும்படி சொல்லியிருந்தான். ஆரத்தை அவள் கழுத்தில் போட்டு, பின்கயிற்றைக் கட்டுவதற்கு முடிச்சைத் தேடினேன். முடிச்சைத் தொட்டதும் கை நின்றுவிட்டது.

அது நான் போட்ட முடிச்சு.

பகலில் நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறவள். சாயங்காலத்தில் கும்பகோணத்து வியாபாரி ஒருவருக்குக் கவரிங் ஆரம் கோர்த்துக் கொடுக்கிறேன். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றைப் பின்பக்கமாகத் திருப்பி இழுத்து, நுனியை லைட்டரில் காட்டி, அது இளகி இருக்கும்போதே இடது கட்டைவிரல் நகத்தால் அழுத்திவிடுவேன். சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி நடுவில் பிளந்த நகம் அது. அழுத்துகிற இடத்தில் ஒரு கோடு விழும். மல்லிகாவின் பிடரியில் இருந்த முடிச்சில் அந்தக் கோடு இருந்தது.

தங்கத்தில் முடிச்சுப் போடச் சொல்லி என்னிடம் இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

"என்ன அத்த, கட்டிட்டியா?" என்றாள் மல்லிகா.

"கட்டிட்டேன்" என்றேன். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வித்தியாசமாக இருக்குமாமே

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, சில வாரங்களுக்கு முன் ஒரு வாசகி எழுதியிருந்தார். 'நரிக்குறவர் கல்யாணம் ரொம்ப வித்தியாசமாக இருக்குமாமே, அதைப் பற்றி எழுதுங்களேன்' என்று. நரிக்குறவர் என்பது ஊர் எங்களுக்கு வைத்த பெயர். வித்தியாசம் என்பதும் ஊர் வைத்ததுதான். இறகு, நரிக்கொம்பு, பச்சை ரத்தம் என்று ஏதாவது வரும் என்று அம்மணி காத்திருக்கிறார் போல.

அம்மா, நாங்கள் பார்த்த வித்தியாசமான கல்யாணமெல்லாம் உங்களுடையதுதான். அதுவும் கிட்டத்தில் இருந்து பார்த்தது.

முப்பது வருஷமாக மண்டப வாசலுக்கு வெளியே ஊசிமணி, பாசிமணி, பலூன் வைத்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் எந்த மண்டபத்தில் எத்தனை படி என்று எனக்குத் தெரியும். உள்ளே எத்தனை விளக்கு என்று தெரியாது. உள்ளே போனதில்லை.

ஒரு மிராசுதார் வீட்டில் நூற்றியொரு சீர்த்தட்டு ஊர்வலமாகப் போனது. ஒரு தட்டில் துவரம்பருப்பை ஒட்டிச் செய்த யானை. இன்னொன்றில் சாக்லேட்டில் கட்டிய கோபுரம். வைகாசி வெயிலில் அந்தக் கோபுரம் வாசல் தாண்டுவதற்குள் இடிந்து, தூக்கிவந்த பெண்ணின் பட்டுப்புடவையில் வழிந்தது. கடைசித் தட்டில் ஒரு வெல்வெட் துணிமேல் கார் சாவி மட்டும் படுத்திருந்தது. அடுத்த சாகுபடிக்கு அந்த வீட்டு வாய்க்கால் ஓர நிலம் கல்யாணக் கடனுக்காக வேறொருவருக்குக் குத்தகைக்குப் போய்விட்டது என்று நடவுக்குப் போன பெண்கள் சொன்னார்கள்.

சாமி வேறானால் மட்டும் புத்தி மாறிவிடுமா? தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வேதக்காரர் வீட்டுச் சர்ச் கல்யாணத்தில் ஆறு அடுக்கு கேக் இறங்கியது. வேனிலிருந்து தூக்கியவர் ஒற்றைக் கையால் தூக்கினார். கீழே ஒரு அடுக்குதான் கேக், மேலே ஐந்தும் தெர்மாகோல். அதன் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் போட்டோவுக்கு நின்றார்கள். நான் பலூன் விற்றுக்கொண்டே சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்குத்தான் பின்னால் என் வீட்டுக் கல்யாணத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வழக்கம்

எங்கள் கூட்டத்தில் பெண் வீடு எதுவும் தருவதில்லை. மாப்பிள்ளை வீடுதான் பரிசம் தர வேண்டும். பஞ்சாயத்து உட்கார்ந்து, நாலு பேர் முன்னால் பெண்ணின் அப்பன் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கருகமணி கட்டுவார்கள். சாப்பாடு போடுவார்கள். ஆடுவார்கள். அவ்வளவுதான்.

'பெண்ணை விலைக்கு வாங்குகிறீர்களாமே' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் என்னை வகுப்பின் நடுவில் நிறுத்திக் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் வந்து அழுதேன். அந்த டீச்சர் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா என்னென்ன கொடுத்தார் என்று திருப்பிக் கேட்க அப்போது தெரியவில்லை.

பரிசத்தைப் பெரிய தர்மமாக நான் பேச வரவில்லை. அப்பன் கைக்குப் போன பரிசம் அந்த வாரமே டாஸ்மாக்குக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு அதில் ஒரு ரவிக்கைத் துணிகூட மிஞ்சாது. ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. பரிசம் கொடுத்துக் கட்டினவன் அடித்தால், குடித்துவிட்டுத் துரத்தினால், பஞ்சாயத்து அவனைக் கூப்பிட்டுக் கேட்கும். பெண் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வரலாம். வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த வாசல் மூடுவதே இல்லை.

மல்லிகாவுக்கு வரன் வந்தபோது அந்த வாசலைத்தான் குமார் இழுத்துச் சாத்தினான். அதற்குச் சீரியல் லைட்டும் போட்டான்.

பையன் சுரேஷ், பூம்புகார் சாலையில் டூவீலர் மெக்கானிக். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் அம்மா சரோஜா பூம்புகார் கடற்கரையில் மணிக்கடை வைத்திருப்பவள், என்னைப் போலவே கோர்க்கிறவள். அப்பா சந்திரன்தான் விஷயம். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன். எல்லாரும் எங்கள் பேச்சில்தான் பேசினோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"பரிசமெல்லாம் பழைய காலம், குமாரு. நாமளும் நாலு பேரப் போல பண்ணுவோம். நீ பதினஞ்சு பவுன் போடு. கல்யாணத்த ஊரே பேசற மாதிரி நான் பாத்துக்கறேன்" என்றார் சந்திரன்.

"போட்டுட்டாப் போச்சு, மாமா" என்றான் என் தம்பி. ஊசிமணி விற்று வாழ்கிற மனுஷன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"எங்கேருந்துடா போடுவ?" என்று தனியாகக் கேட்டேன்.

"உனக்கு எதுக்குக்கா அது? எம்பொண்ணு ஜி.என்.எம். நர்ஸ். அவளுக்கு வேப்பமரத்தடியில வெச்சு மணி கட்டணுமா?"

மல்லிகாவைக் கேட்டேன். அவள் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். "பவுனு, மண்டபம் எல்லாம் அப்பா ஆசை, அத்த. எனக்கு லீவு மூணு நாளுதான்" என்றாள்.

வைக்கோல் தின்ற குதிரை

குமார் பிடித்த மண்டபம் எது தெரியுமா? எந்த மண்டபத்து வாட்ச்மேன் எங்களைச் சின்ன வயதில் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினாரோ அதே மண்டபம். ஆள் கிழவராகிவிட்டார், வேலை மட்டும் அதேதான். கல்யாணத்துக்கு வந்து குமார் கோட்டு சூட்டில் இறங்கியதும் அவர் எழுந்து, "வாங்க சார்" என்றார்.

குமாரின் முகத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம் அவனை முழுசாக மன்னித்துவிட்டேன். அந்த ஒரு 'சாருக்காக'த்தான் இத்தனையும் என்று புரிந்தது. அந்த அரை நிமிஷம் முடிந்ததும் பேனர் கண்ணில் பட்டது, மன்னிப்பு போய்விட்டது.

பத்தடி பேனர். சுரேஷின் தலையை யாரோ ஒருவருடைய கோட்டின்மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்தும் காலரும் வேறு வேறு பக்கம் பார்த்தன. மல்லிகாவின் நிறத்தை வெளுத்து அடையாளமே தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். கீழே வரவேற்கும் உறவினர் என்று இருபத்தெட்டு வட்டத்தில் இருபத்தெட்டு முகம். அதில் என் முகமும் இருந்தது, அங்கன்வாடி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது.

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. சந்திரன் தன் பங்குக்கு இரட்டைக் குதிரை சாரட் வண்டி கொண்டுவந்தார். கேரளாவிலிருந்து செண்டை மேளம். வழியெல்லாம் புகை விடுகிற மெஷின். மேலே ஒரு டிரோன், மாட்டு ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஷெர்வானிக்குள் சுரேஷ் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

குறுவை அறுப்புச் சமயம். மண்டபத் திருப்பத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. குதிரை இரண்டும் நேராக அங்கே போய் நின்று தின்ன ஆரம்பித்தன. வண்டிக்காரர் இழுத்தார், தட்டினார், கெஞ்சினார். குதிரைகள் அசையவில்லை. செண்டைக்காரர்கள் நிறுத்தச் சொல்லும்வரை அடிப்பது என்ற ஒப்பந்தப்படி அடித்துக்கொண்டே இருந்தார்கள். புகை மெஷின்காரர் புகை விட்டார். டிரோன் படம் எடுத்தது. மாப்பிள்ளை இருபது நிமிஷம் வைக்கோல் லாரிக்குக் கை கூப்பியபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் கல்யாணத்திலேயே தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து நடந்துகொண்டவை அந்தக் குதிரைகள்தான்.

இத்தனைக்கும் நடுவில் பதிவு ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட இரண்டு வீட்டுக்கும் நேரம் கிடைக்கவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றார்கள். பரிசத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

நல்ல கனம்

மறுபடி மணமகள் அறைக்கு வருகிறேன். முடிச்சு என் விரலில் உறுத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகக் கவரிங் விற்கிற சனம் நாங்கள். கையில் எடுத்தாலே எடை தெரியும், கொக்கியைத் திருப்பினால் எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்லிவிடுவோம். அப்பேர்ப்பட்ட சனம் ஐந்நூறு பேரை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, கவரிங்கைத் தங்கம் என்று காட்டுகிறான் என் தம்பி. மீன்காரரிடம் போய் அழுகின மீனை விற்கிற புத்திசாலித்தனம்.

அதைவிட வெட்கம், அந்தக் கும்பகோணத்துக் கடையை அவனுக்குக் காட்டியதே நான்தான்.

மல்லிகாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் அவள் என்ன செய்வது என்று அவளே முடிவு செய்திருப்பாள். நான் என்ன செய்தேன்? வெளியே இருந்த ஐந்நூறு பேரை நினைத்தேன். வாட்ச்மேன் சொன்ன 'சாரை' நினைத்தேன். பின்கயிற்றின் மேல் சடையை இழுத்துவிட்டு, ஒரு முழம் பூவை அதிகமாக வைத்து முடிச்சை மறைத்தேன்.

அந்த நேரத்தில் சரோஜா வந்தாள். பெண்ணுக்குப் பூ வைக்க வருவது முறை. பின்னால் சந்திரன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர். சரோஜா பூவை வைத்தாள். ஆரத்தின் பதக்கத்தை உள்ளங்கையில் ஏந்தினாள். ஒரு நொடிதான். பிறகு அவள் கை சடைக்குள் போனது. முடிச்சைத் தடவியது தெரிந்தது. கையை எடுத்தவள் என் இடது கையைப் பிடித்தாள், பாசமாகப் பிடிப்பவள் போல. கட்டைவிரலைத் திருப்பி, பிளந்த நகத்தைப் பார்த்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

சரோஜா பின்னால் திரும்பி, பத்துப் பேருக்கும் கேட்கும்படி, "நல்ல கனமா இருக்கு" என்றாள்.

கல்யாணம் நடந்தது. புகை, பூமழை, இருபத்திரண்டு வகைச் சாப்பாடு. இலையில் பாதி வீணாகப் போனது. அது ஒன்றில் மட்டும் குமார் மிராசுதார்களை நூற்றுக்கு நூறு எட்டிப் பிடித்தான்.

கல்லில் உரசினார்கள்

நாற்பது நாள்கூட ஆகவில்லை. சாரட்டுக்கும் செண்டைக்கும் பாக்கி வைத்திருந்த சந்திரன், மருமகளின் நகையை அடகுக்கு எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். மதிப்பீட்டாளர் கல்லில் ஒரே ஒரு தடவை உரசினாராம். பிறகு நகையைப் பெட்டியில் வைத்து மூடி, "பெரியவரே, வெளியில சொல்லாம எடுத்துட்டுப் போங்க" என்றாராம்.

அன்றைக்கு மத்தியானமே மல்லிகா எங்கள் காலனிக்கு வந்து நின்றாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் மஞ்சள் பையில் ஆரம். "தங்கத்தோட வந்தா வா, இல்லாட்டி வராத" என்று மாமனார் சொல்லியிருக்கிறார். சுரேஷ்? அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றானாம். சுத்தமான பைக்கைத்தான்.

அவள் அப்பனிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள். மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். பின்கயிறு மேலே வந்து விழுந்தது.

"பேங்க்ல என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கவலயில்ல, அத்த. இது உன் முடிச்சு. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் ஆரத்தை எடுத்து மறுபடி பைக்குள் போட்டேன். அன்றைக்கு அவள் என் வீட்டில்தான் படுத்தாள், என்னோடு பேசாமல்.

எங்கள் வழக்கப்படி நடந்த கல்யாணமாக இருந்தால் அவள் தலை நிமிர்ந்து திரும்பியிருப்பாள். இப்போது காலனியே அவளை ஏமாற்றுக்காரன் மகள் என்று பார்த்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட அவளுக்குப் பக்கத்தில் எங்கள் பெண்கள் உட்காரவில்லை. ஒரு தப்பும் செய்யாதவள் அவள் ஒருத்திதான்.

முதல் கேள்வி

சந்திரன் பஞ்சாயத்தைக் கூட்டினார், மோசடி என்று. எங்கள் காலனியில் பாதி கட்டி நிற்கும் சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

எங்கள் பஞ்சாயத்தைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பழைய பகையைப் பேசுவார்கள். நடத்துபவர் சிங்காரம் மாமா. ஊக்கும் சீப்பும் விற்பவர். புதுசாக யோசிக்கவே மாட்டார். எந்தக் கல்யாண வழக்கு வந்தாலும் முதலிலிருந்து அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி.

சந்திரன் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நடந்த அநியாயத்தை ஒரு மூச்சு பேசி முடித்தார். சிங்காரம் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"பரிசம் என்ன குடுத்தீங்க?"

"அதெல்லாம் இப்ப யாரு மாமா குடுக்கறா? நாங்க நாகரிகமா பண்ணுனோம்."

"சரி. என்ன குடுத்தீங்க?"

"குடுக்கல. அவங்கதான் பவுன் போடுறேன்னாங்க."

"அவங்க போடறது இருக்கட்டும். பஞ்சாயத்து வெச்சு, நாலு பேர் முன்னால நீங்க குடுத்தது?"

"இல்ல."

"இல்ல" என்று சிங்காரம் மாமாவும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. வரிசையில் இரண்டாவது கேள்வி, 'கொடுத்ததற்குச் சாட்சி யார்' என்பது. கொடுக்காததற்குச் சாட்சி எங்கே கேட்பது? அவருக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை.

சந்திரனுக்கு ஆத்திரம். பெரிய செல்போனை எடுத்தார். "என்ன மாமா இப்புடிக் கேக்கறீங்க? ஊரே பாத்த கல்யாணம். இத பாருங்க!" என்று வீடியோவைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

சிங்காரம் மாமா பார்த்தார். அவசரப்படாமல் முழுசாகப் பார்த்தார். மேலிருந்து எடுத்த மண்டபம், புகை, சாரட், மேடை எல்லாம் போயிற்று. குதிரை வைக்கோல் தின்ற இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் போனைச் சந்திரனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு, சந்திரா. கல்யாணம் எப்போ?"

அவர் கேலி செய்யவில்லை. எங்கள் முறைப்படி பரிசம் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. நடக்காத கல்யாணத்துக்கு வழக்கு ஏது? மோசடி ஏது? கோர்ட்டு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூடத்தில் சாரட்டும் டிரோனும் இருபத்திரண்டு வகைச் சாப்பாடும் ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயின. பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு கிளம்பியது. நானும் சிரித்தேன்.

என் சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

எழுந்தவர்கள்

"கல்யாணம் இல்லன்னாலும் பொய் பொய்தான்" என்றார் சிங்காரம் மாமா. "சாமிய நெனச்சுக் கேக்கறேன். நகை விஷயம் தெரிஞ்சே மறச்சவங்க எந்திரிங்க."

குமார் எழுந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோட்டு சூட்டு இல்லாமல் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தான்.

மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்தேன். "நான் கோத்த ஆரம். கழுத்துல போடும்போதே தெரியும். சொல்லல" என்றேன். இத்தனை வாரமாக ஊரையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிற இந்த வாய் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்தில் சரோஜா எழுந்தாள்.

"நீ எதுக்குடி எந்திரிக்கற?" என்றார் சந்திரன்.

"எனக்கும் அன்னைக்கே தெரியும். கையில எடுத்தவுடனே தெரிஞ்சுபோச்சு" என்றாள் சரோஜா. "உங்களுக்குப் பவுன் வேணும். எனக்கு மருமக வேணும். வாயத் தொறந்திருந்தா எனக்கு அவ கெடச்சிருப்பாளா?"

சந்திரன் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் செங்கல் பொடி ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

மறைத்த மூன்று பேரும் பஞ்சாயத்துக்குக் கறிச்சோறு ஆக்கிப் போட வேண்டும் என்று தீர்ப்பானது. அது முடிந்து எல்லாரும் எழப் போகையில் மல்லிகா நின்றுகொண்டு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அந்த வீட்ல இருக்கறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அவருக்கு நான் வேணும்னா பரிசத்தோட வரட்டும். ஆனா அத எங்கப்பா கையில குடுக்கக் கூடாது. எங்கையில குடுக்கணும்."

கூடத்தில் சலசலப்பு. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. சிங்காரம் மாமா தன் கேள்வி வரிசையில் எங்கேயாவது இதற்குத் தடை இருக்கிறதா என்று மேலே பார்த்து யோசித்தார். இல்லை போலிருக்கிறது. "சோறு என்னைக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் சரோஜாவும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். குமார் அடுப்பு ஊதினான். பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் மல்லிகா வந்து உட்கார்ந்தாள். "உப்புக் கம்மி, அத்த" என்றாள். நாலு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.

பேனருக்குக் கீழே

பத்தடி பேனரை என்ன செய்வது? ஐப்பசி மழை தொடங்கியதும் அதை என் வீட்டு முன்பக்கம் இழுத்துக் கட்டினேன். அந்தக் கல்யாணத்துக்கு வாங்கியதில் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனது அதுதான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. வாய்க்கால் கரையெல்லாம் சேறு. பைக்கைத் தள்ளிக்கொண்டு சுரேஷ் வந்தான். பைக் முழுக்கச் சேறு, அவனும்தான். கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. பேனருக்குக் கீழே ஒதுங்கி நின்றான். மேலே யாருடைய கோட்டிலோ அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அவன் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

மல்லிகா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளை யூனிபார்ம், கழுத்தில் ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்தாள்.

"என்ன டப்பா?"

"பரிசம். நான் சம்பாதிச்சது. அப்பாவுக்குத் தெரியாது… இல்ல, தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அவள் டப்பாவை வாங்கவில்லை. நான் கோர்த்துக்கொண்டிருந்த மணியை மடியில் வைத்தேன்.

"அன்னைக்கு உங்கப்பா என்னைய வெளில போன்னு சொன்னப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவன் சேறு படிந்த பைக்கைப் பார்த்தான். பிறகு, "பைக்கத் தொடச்சிட்டு இருந்தேன்" என்றான்.

"ம்" என்றாள் மல்லிகா. குடையை விரித்தாள். "அத்தகிட்ட வெச்சிட்டுப் போங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. கேட்டுச் சொல்றேன்."

"யாரக் கேக்கணும், மல்லிகா? மாமாவ நானே பாத்துப் பேசவா?"

அவள் சேற்றில் நாலு அடி போய்விட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"என்னைத்தான்."